சுருட்டை முடிக்குச் சூடு வேண்டாம், தண்ணி போதும்

"தலை சீவலையா?" சுருட்டை முடி இருக்கிற நிறைய பேர் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்போம். அதுக்குப் பயந்தே இன்டர்வியூ, கல்யாணம்னா ஸ்ட்ரெய்ட்னரைத் தேடுறோம். அது 200 டிகிரி வரைக்கும் சூடாகும். அந்தச் சூடு அடிக்கடி பட்டா, முடியில இருக்கிற கெரட்டின் புரதம் சேதமாகும். அப்புறம் அந்த முடி பழைய சுருளுக்குத் திரும்பாமலே போகலாம்.

வடிவம் கொடுக்கச் சூடு தேவையே இல்லை. கெரட்டினுக்குள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கு. நனைஞ்சா அவிழும், காயும்போது மறுபடி சேரும். எந்த நிலையில காயுதோ, அதுதான் அன்னிக்கு உங்க முடி.

அதனால கண்டிஷனர் போட்டு, ஈரத்துலயே அகலப்பல் சீப்பால நுனியிலிருந்து சிக்கெடுத்து அலசுங்க. காய்ஞ்ச பிறகு சீவினா சுருள் கலைஞ்சு பஞ்சு மாதிரி ஆயிடும்.

அடுத்து ஜெல். கால் கப் ஆளிவிதையை 2 கப் தண்ணியில கொதிக்க விடுங்க. முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடயே வடிகட்டுங்க. ஆறிட்டா கெட்டியாகி இறங்காது. ஆறின ஜெல்லை ஈர முடியில தடவி, நுனியை உள்ளங்கையில ஏந்தி மேல்நோக்கிக் கசக்குங்க. துண்டுக்குப் பதில் பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடுங்க. முழுசா காயற வரைக்கும் தொடாதீங்க. மொறமொறன்னு இருந்தா லேசா கசக்குங்க, இளகிடும். மீதி ஜெல் ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் இருக்கும்.

சென்னை மாதிரி ஊர்ல காத்துல இருக்கிற ஈரமே பிணைப்பை அவிழ்த்துடும். ஜெல் படலம் அதைக் கொஞ்சம் தடுக்கும்.

இனி யாராவது "தலை சீவலையா?"ன்னு கேட்டா, "ஈரத்துலயே சீவிட்டேன்"னு சொல்லுங்க.