இன்ஸ்டா ரீல்ஸ் உங்க வெப்சைட்ல ஓடுது... ஆனா அது உங்ககிட்ட இருக்கா?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை எடுக்க இப்போது பஸ் ஏற வேண்டியதில்லை. மடிப்பைப் பிரித்து, முந்தானையை விரித்துக் காட்டி, விலையும் வாட்ஸ்அப் எண்ணும் சொல்லிவிடும் வீடியோக்கள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் குவிந்து கிடக்கின்றன. அடுத்த கட்டமாக சொந்த வெப்சைட் தொடங்குபவர்கள், அதே வீடியோக்களை அதிலும் காட்ட நினைப்பது இயல்பு. இதற்குப் பெயர்தான் 'எம்பெட்'.

செய்வது ரொம்ப ஈஸி. யூடியூப் வீடியோவுக்குக் கீழே 'ஷேர்' அழுத்தினால் 'எம்பெட்' இருக்கும். அதில் வரும் சின்ன கோடை காப்பி செய்து உங்கள் பக்கத்தில் பேஸ்ட் செய்தால் வீடியோ ஓடும். இன்ஸ்டாகிராம் என்றால் கம்ப்யூட்டர் பிரவுசரில் போஸ்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட வேண்டும். கணக்கு பப்ளிக்காக இருப்பது அவசியம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீடியோ உங்கள் வெப்சைட்டுக்கு வரவே இல்லை! பக்கத்து வீட்டு டிவியை நம்ம ஜன்னல் வழியா பார்க்கிற கதைதான். அங்கே அணைத்தால் இங்கேயும் இருட்டு.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. எம்பெட் செய்திருந்த டிக்டாக் வீடியோக்களும் இந்தியாவில் ஓடாமல் போயின. அதே ஆண்டு அக்டோபர் 24-ல் ஃபேஸ்புக் தன் விதியை மாற்றியது. வேர்ட்பிரஸில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்க்கை ஒட்டினாலே போஸ்ட் தானாக விரியும் வசதி அதோடு போச்சு. தடை, விதி மாற்றம் எதுவுமே வேண்டாம், கணக்கு முடங்கினாலே போதும்.

இன்னொரு சிக்கல் வேகம். ஒவ்வொரு எம்பெட்டும் அந்தந்த நிறுவனத்தின் கோடையும் சேர்த்து இழுத்து வரும். முகப்பில் பத்து ரீல்ஸ் வைத்தால், சிக்னல் குறைந்த ஊரில் போனில் பார்ப்பவர் சேலை தெரியும் முன்பே கிளம்பிவிடுவார். ஒன்றிரண்டு போதும்.

வாடிக்கையாளர் உங்கள் சேலை கட்டிப் போட்ட ரீல்ஸா? ஒரு மெசேஜில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தன் போஸ்டை எம்பெட் செய்ய முடியாதபடி தடுக்கும் செட்டிங் அவரிடம் இருக்கிறது.

ஒரிஜினல் வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். சேலையின் பெயர், நூல், நிறம் எல்லாம் வெப்சைட்டில் எழுத்தாக இருந்தால்தான் கூகுளில் தேடுபவருக்குச் சிக்கும். விலையும் அப்படியே, வீடியோவில் மட்டும் சொன்னால், போன தீபாவளி விலைக்கு இந்தப் பொங்கலுக்கு ஆர்டர் வரும்.