கர்சியாங்: சாலையோரம் வளர்ந்த மலை நகரம்

வங்காளத்திலும் பீகாரிலும் அசாமிலும் அலுவல் நிமித்தமாகக் குடியேறி வாழும் தமிழர்கள், பூஜை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்துடன் டார்ஜிலிங் மலைக்குச் சென்று வருவதுண்டு. சிலிகுரியில் ஜீப் ஏறினால் சில மணி நேரத்தில் டார்ஜிலிங் சேர்ந்துவிடலாம். வழியில் கர்சியாங் என்றோர் ஊர் வரும். அவ்வூர்க் கடைவீதியில் ஜீப்பின் சக்கரத்தை உரசுவது போல ஒரு சிறிய இருப்புப்பாதை கூடவே ஓடி வருவதைக் கண்டு குழந்தைகள் கை கொட்டுவர். பெரியவர்கள் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு மேலே செல்வர். அங்கே இறங்கி ஒரு நாள் தங்குவோர் சிலரே. அவ்வாறு தங்கத்தக்க ஊர்தான் அது என்பதையும், ஓர் இருப்புப்பாதை ஒரு நகரத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதையும் இப்பேச்சிலே சிறிது விளக்க விரும்புகின்றேன்.

கர்சியாங் கடல் மட்டத்திற்கு மேல் 4,864 அடி உயரத்தில் உள்ளது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 42,000. அப்பகுதியின் பழங்குடியினரான லெப்சாக்களின் மொழியில் வெண்ணிற ஆர்க்கிட் மலர்களின் நிலம் என்பது ஊர்ப் பெயரின் பொருள் என்பர். 1835-இல் சிக்கிம் அரசரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்த மலைப்பகுதியைச் சேர்ந்தது இவ்வூர். டார்ஜிலிங்கைப் போல இதற்குப் பனிமலைக் காட்சியின் பெருமை மிகுதியாக இல்லை. இது தெற்கு நோக்கிய ஊர். இரவில் இங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளியில் சிலிகுரியின் விளக்குகள் தெரியும்.

டார்ஜிலிங்கை ஆங்கிலேயர்கள் கோடை வாசத்தலமாக்கிய பின்னர், அங்கே சேர்வதே பெரும்பாடாக இருந்தது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்டவர் ரயிலிலும் படகிலும் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலுமாகப் பல நாள் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. 1860-களில் மலைமேல் வண்டிப் பாதை ஒன்று போடப்பட்டது. ஹில் கார்ட் ரோடு என்று இன்றும் வழங்குவது அதுவே. 1878-இல் சமவெளி ரயில் சிலிகுரியை எட்டிற்று. அப்பொழுது கிழக்கு வங்காள ரயில்வேயின் ஏஜெண்டாக இருந்த பிராங்ளின் பிரெஸ்டேஜ் என்பவர் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தார். சிலிகுரியில் விற்கும் அரிசியின் விலை, டார்ஜிலிங் சேர்வதற்குள் இரண்டு மடங்குக்கும் மேலாகி விடுகின்றது. மாட்டு வண்டிக் கூலிதான் அதற்குக் காரணம். ஆகவே அந்த வண்டிப் பாதையின் மீதே சிறு தண்டவாளம் போட்டு நீராவி வண்டி விட்டால், மலைவாசிகளுக்கு அரிசி மலிவாகும். மலையின் தேயிலையும் குறைந்த செலவில் கீழே இறங்கும். வங்காள லெப்டினண்ட் கவர்னர் சர் ஆஷ்லி ஈடன் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டார். 1879-இல் வேலை தொடங்கிற்று. 1880 ஆகஸ்டில் பாதை கர்சியாங்கை அடைந்தது. 1881 ஜூலையில் டார்ஜிலிங்கை அடைந்தது. இடைப்பட்ட சில மாதங்கள் கர்சியாங்கே கடைசி நிலையமாக இருந்தபடியால், மேலே செல்லும் மூட்டைகள் யாவும் அங்கே இறக்கி மாற்றப்பட்டன. ஊருக்கு நகராட்சி அமைந்ததும் அந்த 1879-ஆம் ஆண்டிலேதான்.

தொடக்கத்தில் அந்தக் கம்பெனிக்கு ரயில்வே என்ற பெயரே இல்லை. டார்ஜிலிங் நீராவி டிராம்வே என்பதே அதன் முதற் பெயர். கம்பெனியார் சாலையில் ஓடும் டிராம் வண்டியைத்தான் மனத்திற் கொண்டிருந்தனர். தனியாக நிலம் வாங்கி மலையைக் குடைந்து பாதை போடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. 1881 செப்டம்பரில்தான் டார்ஜிலிங் இமாலய ரயில்வே என்று பெயர் மாறிற்று. பெயர் மாறினும் பிறப்பின் இயல்பு மாறவில்லை. இன்றும் இப்பாதை பெரும்பாலும் சாலையின் ஓரமாகவே செல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலையை இப்புறமும் அப்புறமுமாகக் கடக்கின்றது. பாதை முழுவதிலும் ஒரு சுரங்கம் கூடக் கிடையாது.

நம் நீலகிரி ரயிலில் சென்றவர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் ஓடத் தொடங்கிய அவ்வண்டி, மலைக்காட்டிற்குள் தனக்கென ஒரு வழியை வெட்டிக்கொண்டு போகின்றது. பதினாறு சுரங்கங்களைக் கடக்கின்றது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் அமைந்த இரும்புச் சட்டங்களை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகின்றது. டார்ஜிலிங் பாதையில் பற்சட்டம் இல்லை. வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம்தான் ஏறவேண்டும். அதனால் ஏற்றத்தைக் குறைக்க வழி தேடினர். தண்டவாள இடைவெளியை இரண்டு அடியாகச் சுருக்கினர். பாதை குறுகினால் கூர்மையான வளைவுகளிலும் வண்டி திரும்பும், செலவும் குறையும். திரும்ப இடம் கிடைத்த இடங்களில் பாதையை ஒரு வட்டமாகச் சுழற்றி, தன் தலைக்கு மேலே தானே கடந்து செல்லுமாறு அமைத்தனர். அதற்கும் இடமில்லாத செங்குத்தான சரிவுகளில், ஆங்கில இசட் எழுத்தைப் போலப் பாதையை மடக்கினர். வண்டி முன்னோக்கி வந்து நிற்கும். வழி மாற்றப்பட்டதும் பின்னோக்கியே மேட்டில் ஏறும். மறுபடி நின்று முன்னோக்கிச் செல்லும். மேலும் பாதை போட இடமின்றிப் பிரெஸ்டேஜ் சோர்ந்திருந்தபொழுது, முன்னே போக முடியாவிடில் பின்னே வரலாமே என்று அவருடைய மனைவியார் சொன்னதால் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை அழகாக இருக்கிறது. அதற்கு மேல் அதை நம்ப வேண்டுவதில்லை.

இனி, கர்சியாங் நிலையத்தைப் பார்ப்போம். சிலிகுரிப் பக்கமிருந்து வரும் வண்டி, ஊரின் நடுவே ஒரு முட்டுச்சந்து போன்ற நிலையத்திற்குள் நுழைந்து நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் வழி இல்லை. டார்ஜிலிங் செல்ல வேண்டுமானால், வந்த வழியே பின்னோக்கி நகர்ந்து நாற்சந்திக்கு வந்து, அங்கே திசை மாறிக் கடைவீதிக்குள் புக வேண்டும். அவ்வமயம் ஜீப்புகளும் லாரிகளும் இருபுறமும் காத்து நிற்கும். வண்டி வீதியில் நுழைந்ததும் காண்பதுதான் கர்சியாங்கின் தனிச்சிறப்பு. துணிக்கடை, மளிகைக்கடை, காய்கறிக்கடை ஆகியவற்றின் வாசற்படிக்கும் ரயில் பெட்டிக்கும் இடையே ஒரு முழமே இருக்கும். சன்னலிலிருந்து கையை நீட்டினால் கடைப் பொருளை எடுத்துவிடலாம் என்று சொல்வது மிகையன்று. வண்டியின் ஊதல் கேட்டதும் கடைக்காரர் தம் கூடையைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்வார். வண்டி போனதும் மீண்டும் வெளியே வைப்பார். பிற ஊர்களில் ரயில் நிலையம் ஓரிடத்திலும் கடைவீதி ஓரிடத்திலும் இருக்கும். இடையே ஒரு குதிரை வண்டியோ ரிக்ஷாவோ தேவைப்படும். இங்கே தண்டவாளமே கடைவீதி.

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1889 முதல் ஷார்ப் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தார் கட்டி அனுப்பிய 'பி' வகை எஞ்சின்களே இப்பாதையின் புகழுக்குக் காரணம். நான்கே சக்கரங்கள், நான்கும் உந்து சக்கரங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கொதிகலத்தின் முதுகின் மேல் சேணம் போல ஏற்றியிருப்பதால், எஞ்சினின் எடை முழுவதும் அச்சக்கரங்களை அழுத்துகின்றது. அப்படியிருந்தும் மழையிலும் பனியிலும் சக்கரம் வழுக்கும். ஆகையால் எஞ்சினின் முன்புறத்தில் இருவர் உட்கார்ந்துகொண்டு, ஈரமான தண்டவாளத்தின் மேல் கைப்பிடி கைப்பிடியாக மணலைத் தூவிக்கொண்டே செல்வர். மற்றொருவர் நிலக்கரியை உடைத்துக் கொடுப்பார். சிறிய எஞ்சினுக்கு இத்தனை பேரா என்று நகைப்பவர் உண்டு. அந்த மணல் விழாவிட்டால் வண்டி நகராது. இவ்வெஞ்சின்களைப் பழுது பார்ப்பது கர்சியாங்கிற்குக் கீழே திண்டாரியாவில் உள்ள பட்டறை. சில எஞ்சின்களை அங்கேயே கட்டியும் இருக்கின்றனர். 2000-ஆம் ஆண்டிலிருந்து டீசல் எஞ்சின்களும் ஓடுகின்றன. ஆயினும் நீராவி எஞ்சின் முற்றிலும் ஓய்வு பெறவில்லை.

ரயில்வேயின் அலுவலகம் கர்சியாங்கிலேயே அமைந்ததால், குமாஸ்தாக்களும் ஓட்டுநர்களும் பாதை காக்கும் தொழிலாளரும் இங்கே குடியேறினர். பெரும்பாலோரின் மொழி நேபாளி. கடை வைக்க மார்வாரிகளும் பீகாரிகளும் வந்தனர். அலுவல் பார்க்க வங்காளிகள் வந்தனர். பிழைப்புத் தேடி அயலூர் வந்து, அயல் மொழிக்காரரோடு ஒரே வீதியில் வாழப் பழகியவர்களின் ஊர் இது. இந்நாட்டின் பிற மூலைகளில் அவ்வாறே வாழும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1962-இல் அகில இந்திய வானொலி இங்கே ஒரு நிலையத்தைத் தொடங்கிற்று. அந்நிலையத்தின் நேபாளி ஒலிபரப்பு மலைமக்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஊருக்கு அருகே கித்தாபஹாட் என்னுமிடத்தில் சரத் சந்திர போஸுக்கு ஒரு வீடு இருந்தது. 1936-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஆங்கில அரசு அவ்வீட்டிலேயே காவலில் வைத்திருந்தது. இப்பொழுது அது காட்சிசாலையாக இருக்கிறது, தவறாமல் காணத்தக்கது.

சாலையே இப்பாதைக்கு வாழ்வளித்தது என்றேன். பிற்காலத்தில் போட்டியாக வந்ததும் அச்சாலைதான். 1909-10-ஆம் ஆண்டில் இந்த ரயில் 1,74,000 பிரயாணிகளையும் 47,000 டன் சரக்கையும் ஏற்றிச் சென்றது. அப்பொழுது சாலையில் மாட்டு வண்டிதான் இருந்தது. மோட்டார் லாரி வந்தபின் நிலைமை மாறிற்று. தண்டவாளத்திற்குத் தனிவழி இருந்திருந்தால் அதற்கென ஒரு வேகம் இருந்திருக்கும். ஒரே சாலையில், ஒரே வளைவில், ஒரே ஏற்றத்தில் லாரியும் ரயிலும் போட்டியிட்டால் லாரியே வெல்லும். 1947-இல் நாடு பிரிந்தபொழுது கல்கத்தாவிலிருந்து சிலிகுரிக்கு வந்த நேர்ப்பாதை கிழக்குப் பாகிஸ்தானுக்குள் சிக்கி அறுபட்டது. 1948 அக்டோபரில் இந்திய அரசு இந்த ரயில்வேயை விலைக்கு வாங்கிற்று. தீஸ்தாப் பள்ளத்தாக்கில் சென்ற கிளைப்பாதையை 1950-இல் வெள்ளம் அடித்துச் சென்றது. அதைத் திரும்பவும் போடவில்லை. சரக்கு சிறிது சிறிதாகக் குறைந்து, 1990-களில் அறவே நின்றது. அரிசியை மலிவாக்கப் பிறந்த ரயிலில் இன்று அரிசி மூட்டை ஏறுவதில்லை.

1999-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் நீலகிரி ரயில் 2005-இலும், கால்கா-சிம்லா ரயில் 2008-இலும் அதனோடு சேர்க்கப்பட்டன. இதனால் பாதை பிழைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிழைத்த விதத்தில் ஒரு குறை உண்டு. உல்லாசப் பிரயாணிகள் பெரும்பாலோர் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை சென்று திரும்பும் சிறு பிரயாணத்தையே நாடுகின்றனர். வருமானமும் அங்கேயே சேர்கின்றது. முற்காலத்தில் கர்சியாங்கிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஏறிச் சென்ற வண்டியில், இக்காலத்தில் உள்ளூரார் ஏறுவது அரிது. டார்ஜிலிங் போக ரயிலுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும்; ஜீப் அதிற் பாதிக்குள் சென்றுவிடும். வேலைக்குச் செல்பவர் எதில் ஏறுவார் என்று கேட்க வேண்டியதில்லை. தங்கள் வாசலில் ஓடும் வண்டியைப் பிறருடைய கேளிக்கைக்கென ஓடுவதாக ஓர் ஊர் மக்கள் கருதத் தொடங்கினால், அதைக் காப்பதில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை இருக்கும்? பள்ளி நேரத்திற்கும் சந்தை நாளுக்கும் இசைந்தவாறு குறைந்த கட்டணத்தில் ஒரு வண்டியேனும் ஓடவேண்டும் என்பது என் கருத்து. அதில் நட்டம் வரும், வரட்டும். சுற்றுலா வண்டியின் இலாபத்திலிருந்து அதை ஈடு செய்வது நியாயமே.

மழையோ இவை எதையும் பொருட்படுத்துவதில்லை. வங்கக் கடலின் மேகம் முதலில் மோதும் மலைமுகம் இது. கர்சியாங்கிற்குக் கீழே பாக்லா ஜோரா, அதாவது பைத்தியக்கார ஓடை, என்றோர் இடம் உண்டு. 1890-இலேயே அங்கே சாலையும் பாதையும் சரிந்தன. 1897-இல் நிலநடுக்கமும், 1899-இல் புயல்மழையும் பாதையைச் சிதைத்தன. 2010-இல் அதே ஓடையருகே மீண்டும் பெருஞ்சரிவு ஏற்பட்டது. மறு ஆண்டு திண்டாரியாவிலும் மலை சரிந்தது. சிலிகுரிக்கும் டார்ஜிலிங்கிற்கும் இடையே முழுப் பாதையிலும் வண்டி ஓட 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் டார்ஜிலிங்கிற்கும் கர்சியாங்கிற்கும் இடைப்பட்ட மேற்பகுதியில் வண்டி ஓடிற்று. திண்டாரியாப் பட்டறை கீழே துண்டாக நின்றது. சாலையும் பாதையும் ஒரே விளிம்பில் இருப்பதால், ஒன்று சரிந்தால் மற்றொன்றும் சரிகின்றது.

செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்பொழுது வண்டி நிச்சயமில்லை. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து வானம் தெளியும். நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜிலிங் வரை 88 கிலோமீட்டர். ரயிலில் முழுநாளும் போய்விடும், குழந்தைகளும் சலிப்படைவர். கர்சியாங் வரை ஜீப்பில் சென்று, ஓர் இரவு தங்கி, நிலையத்திலுள்ள சிறு காட்சிசாலையையும் கித்தாபஹாட் வீட்டையும் பார்த்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து ரயிலில் ஏறுவது நலம். கடைவீதியை வண்டி கடக்கும்பொழுது சன்னலோரம் அமர்ந்த பிள்ளைகளின் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.