மயிலின் முழங்கால் எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் மயிலைப் பார்க்கக் கூண்டுப் பக்கம் போக வேண்டியதில்லை. முருகன் கோயில் மலையிலும் அடிவாரத்திலும் அவை தம் போக்கில் மேய்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி பென்சிலால் மயில் வரைந்து நீட்டினால் முதலில் காலைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிசகும்.

மயிலின் கால் நடுவில் பின்பக்கமாக மடிகிறது. முழங்கால் திரும்பியிருக்கிறதோ என்று தோன்றும். அது முழங்காலே இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் உடலை ஒட்டி, இறகுகளுக்குள் மறைந்து, நம்முடையதைப் போலவே முன்பக்கமாக மடிகிறது. பறவை விரல்களை ஊன்றித்தான் நிற்கிறது. நாம் கெண்டைக்கால் என்று நினைப்பது நீண்ட பாத எலும்பு. தோகையும் அப்படித்தான். அது வால் அல்ல, வாலுக்கு மேலே முதுகுப்புறத்தில் முளைத்து நீண்ட இறகுகள். மயில் ஆடும்போது பின்னால் போய்ப் பாருங்கள்: பழுப்பு நிறக் குட்டை வால் விரிந்து, தோகைக்கு முட்டுக் கொடுத்து நிற்கும்.

தினமும் பார்க்கிறவளுக்கு இது ஏன் தப்புகிறது? ‘மயில்’ என்று அடையாளம் காணக் கழுத்தும் கொண்டையும் தோகையும் போதும். மற்றதை மூளை சேர்த்து வைப்பதில்லை. நினைவிலிருந்து வரையும்போது அந்தச் சுருக்கம்தான் தாளில் இறங்குகிறது.

அதனால்தான் படத்தைப் பார்க்கிறவர் சொல்லும் சொல்லுக்கு இத்தனை மதிப்பு. “ரொம்ப அழகா இருக்கு” என்றால் அவள் பென்சிலை வைத்துவிடுவாள். “உனக்குக் கால் வரலையே” என்றாலும் வைத்துவிடுவாள். க்ளூகர், டினிசி என்ற உளவியலாளர்கள் பின்னூட்டம் பற்றிய பல ஆய்வுகளை 1996இல் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவள்’ என்பதன் பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். புகழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

“கால் எந்த இடத்தில் மடியுது? வயிற்றுக்கு எவ்வளவு கீழே?” என்று கேட்டுப் பாருங்கள். அவள் மறுபடி மயிலிடம் போவாள். இப்படிக் குறிப்பாகச் சொல்வதன் பலனுக்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் பாய்ஸி நகரில் ஒரு முதல் வகுப்புச் சிறுவன் வண்ணத்துப்பூச்சியின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தான். முதல் படம் எல்லாக் குழந்தைகளும் வரைவது போலத்தான் இருந்தது. சக மாணவர்கள் முதலில் இறக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள்; அது சரியான பிறகே கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் வந்தார்கள். ஆறாவது படம் களக் கையேட்டில் அச்சிடும் தரத்தில் இருந்தது. என்னை ஈர்ப்பது அந்த வரிசைதான். உருவம் கோணலாக இருக்கும்போது நிழல் தீட்டுவதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

வரைகிறவளுக்கும் ஒரு வார்த்தை. சொன்னதும் ரப்பரை எடுக்காதே. பழைய தாளைப் பத்திரமாக வைத்துப் புதுத் தாளில் தொடங்கு. அப்போதுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். சொன்னவர் தவறாகவும் சொல்லியிருக்கலாம், மயிலிடம் சரிபார்த்துக்கொள். மயில் நிற்க மறுத்தால், 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பாடம் செய்து வைத்த உயிரினங்கள் அங்கே அசையாமல் நிற்கும்; காலை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.