தாம்பரம் பக்கத்துல இவ்ளோ காடு இருக்கா? எங்கே போகலாம், எங்கே கூடாது?

செல்போனில் மேப்பைத் திறந்து தாம்பரத்தைச் சுற்றி ஜூம் செய்து பாருங்கள். மேடவாக்கம், வண்டலூர், சேலையூர் என அங்கங்கே பச்சைத் திட்டுகள் தெரியும், வீடுகளுக்கு நடுவே தீவு மாதிரி. மேப்புக்கு எல்லாமே ஒரே பச்சைதான். ஆனால் ஒன்று காப்புக்காடு, இன்னொன்று உயிரியல் பூங்கா, மற்றொன்று கல்லூரி வளாகம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வேலியோடு திரும்ப வேண்டியதுதான்.

குவாரிக்குள் ஒரு பள்ளத்தாக்கு

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் வழியில், மேடவாக்கத்தை ஒட்டி இருக்கிறது நன்மங்கலம் காப்புக்காடு. பரப்பு 320 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்காவைவிட (சுமார் 270 ஹெக்டேர்) பெரியது! உள்ளே கைவிடப்பட்ட பழைய கல் குவாரி உண்டு. பாறையை வெட்டியெடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்க, நாளடைவில் அதுவே ஒரு குட்டிப் பள்ளத்தாக்காகிவிட்டது.

அங்கே யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? கொம்பன் ஆந்தை. பெரிய உடம்பு, ஆரஞ்சு கண், தலையில் கொம்பு போல இரண்டு இறகுக் கொத்து. இந்த ஆந்தை மரத்தில் கூடு கட்டாது. பாறை விளிம்பிலோ தரையிலோ முட்டையிடும். நாம் மலையை உடைத்த இடத்தில் செங்குத்தான பாறைச் சுவர் கிடைத்ததால் அதற்கு வசதியாகப் போயிற்று. அதே குவாரியில் நாளைக்குச் செல்ஃபி கூட்டம் கூடினால் அது எங்கே போகும்?

வெறும் முள்ளுக்காடுதானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். களா, காரை, சூரை, ஈச்சை என்று இடுப்பளவு, தலையளவுப் புதர்கள். சினிமாவில் பார்க்கிற காடு மாதிரி இருக்காது. ஆனால் சோழமண்டலக் கடற்கரையோரத்துக் காடே இப்படித்தான். வருஷத்தின் பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களிலேயே கொட்டிவிடும். மீதி மாதங்களைச் சமாளிக்கத்தான் சின்ன, தடித்த இலைகள்.

'காலி இடம்' என்று நினைத்து அங்கே வரிசையாக மரம் நடுவதும் நல்லதல்ல. கௌதாரி தரையில்தான் கூடு கட்டும். பக்கி என்கிற இரவுப் பறவை கூடுகூடக் கட்டாமல் வெறும் மண்ணில் முட்டையிடும். கேமராவோடு போகிறவர் கவனிக்காமல் ஒரு அடி வைத்தாலே போதும், முட்டை உடைந்துவிடும்.

அதனால்தான் வனத்துறை அனுமதி கட்டாயம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இன்னொன்று: திரிசூலம், பல்லாவரம் பக்கம் இருக்கும் குவாரிக் குட்டைகளில் தயவுசெய்து குளிக்க இறங்காதீர்கள். ஆழம் தெரியாமல் இறங்கி உயிரை விட்டவர்கள் நிறைய.

அப்போ எங்கதான் போறது?

வண்டலூர். 1855-ல் எழும்பூரில் தொடங்கிய உயிரியல் பூங்கா, 1985-ல் இங்கே மாறியது. 602 ஹெக்டேர். கூண்டுகளை மட்டும் பார்த்துத் திரும்புவது வீண். பேட்டரி வண்டியைத் தவிர்த்து ஓட்டேரி ஏரிப் பக்கம் நடந்து பாருங்கள். 2016 வர்தா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த காடும் உள்ளே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கிழக்கு தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகமும் பாதி காடுதான். கல்லூரி 1937-ல் இங்கு வந்தபோது இது புதர்க்காடு. வேதியியல் பேராசிரியரும் தாவர ஆர்வலருமான எட்வர்ட் பார்ன்ஸ் வளர்த்தெடுத்த பசுமை அது. ஆனால் பொதுப் பூங்கா அல்ல. தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

டிக்கெட், அனுமதி எதுவும் வேண்டாம், வாக்கிங் போனால் போதும் என்றால் சிட்லபாக்கம் ஏரிக்கரை இருக்கிறது.

பறவைகள்தான் வேண்டும் என்றால் பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்தச் சதுப்புநிலத்தை, 200 அடி ரேடியல் ரோட்டை ஒட்டிய சூழலியல் பூங்காவிலிருந்து பார்க்கலாம். வெளிநாட்டுப் பறவைகள் வருவது அக்டோபர் முதல் மார்ச் வரை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பூநாரைகள் பெரும்பாலும் தூரத்தில்தான் நிற்கும்.