பட்டறை இயந்திரங்களின் வெற்றோட்ட மின்விரயம்

ஓர் இயந்திரம் எந்தப் பொருளையும் வெட்டாமல், துளையிடாமல், பற்றவைக்காமல், மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடும் நிலை வெற்றோட்டம் எனப்படும். பட்டறைகளில் அடுத்த வேலைத்துண்டைப் பொருத்தும்போதும், அளவு பார்க்கும்போதும், தேநீர் இடைவேளையிலும் இது நிகழ்கிறது. இந்த நேரத்தில் உற்பத்தி எதுவும் இல்லை. ஆனால் மின்மானி ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் எங்கே செல்கிறது?

சுமையில்லாமல் சுழலும் மோட்டாரும் மின்திறனை எடுக்கும். காந்தப்புலத்தை உண்டாக்கும்போது இரும்பு உள்ளகத்தில் ஏற்படும் இழப்பு, கம்பிச்சுருளின் வெப்பம், தாங்கிகளின் உராய்வு, குளிர்விக்கும் விசிறியின் காற்றுத் தடை ஆகியவை அதற்குக் காரணங்கள். மோட்டாருடன் பல்சக்கரப் பெட்டியும் பட்டையும் சுற்றினால் இழப்பு மேலும் கூடும்.

பல லேத்துகளில் கிளட்ச் கைப்பிடியை விலக்கியதும் வேலைத்துண்டு நின்றுவிடும், மோட்டார் நிற்பதில்லை. பார்ப்பவருக்கு இயந்திரம் ஓய்வில் இருப்பதுபோல் தோன்றும். விரயம் கண்ணில் படாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களில் ஹைட்ராலிக் பம்பு, குளிர்திரவப் பம்பு, விசிறிகள் ஆகியவை வெட்டும் வேலை இல்லாதபோதும் ஓடக்கூடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த திமோத்தி குட்டோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் எடுத்துக்காட்டிய ஒரு பெரிய தானியங்கி உற்பத்தி அமைப்பில், உலோகத்தை வெட்டும் பணிக்குச் சென்றது மொத்த ஆற்றலில் 15 விழுக்காட்டுக்கும் குறைவே. மீதி, துணைக் கருவிகளை ஓட்டுவதிலேயே செலவாயிற்று.

நிறுத்தி ஓட்டினால் செலவு கூடுமா?

‘மோட்டாரை நிறுத்தி மறுபடி போட்டால் அதிக கரண்ட் இழுக்கும், ஓடவிடுவதே மிச்சம்’ என்ற நம்பிக்கை பட்டறைகளில் பரவலாக உள்ளது. தொடங்கும்போது மின்னோட்டம் வழக்கத்தைவிட 6 அல்லது 7 மடங்கு வரை உயர்வது உண்மைதான். ஆனால் அந்த உயர்வு சில நொடிகளே நீடிக்கும். ஆற்றல் என்பது திறனையும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது என்பதை மறந்துவிடக் கூடாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2.2 கிலோவாட், அதாவது 3 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று தொடங்கும்போது 15 கிலோவாட் வீதம் 2 நொடிகளுக்கு எடுப்பதாகக் கொள்வோம். செலவாகும் ஆற்றல் 30 கிலோஜூல். அதே லேத் வெற்றோட்டத்தில் 0.6 கிலோவாட் எடுத்தால், 50 நொடிகளில் அதே 30 கிலோஜூல் செலவாகிவிடும். ஆகவே ஒரு நிமிடத்திற்கு மேல் வேலை இல்லையென்றால் நிறுத்துவதே மின்சாரத்திற்குச் சிக்கனம்.

ஆனால் அடிக்கடி தொடங்கினால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறும். தொடக்கியின் தொடுமுனைகள் தேயும். எனவே நடைமுறையில் 5 அல்லது 10 நிமிடம் காத்திருக்க வேண்டிய இடங்களில் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தொடங்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பைப் பின்பற்ற வேண்டும்.

காற்றழுத்தக் கம்ப்ரசர்

பட்டறைகளில் அதிகம் விரயமாக்கும் கருவிகளுள் ஒன்று கம்ப்ரசர். திருகு வகைக் கம்ப்ரசர் காற்றை அழுத்தாமல் சும்மா ஓடும்போதும் முழுச்சுமைத் திறனில் 25 முதல் 40 விழுக்காடு வரை எடுக்கக்கூடும். 7.5 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று 30 விழுக்காட்டில் நாளுக்கு 3 மணி நேரம் இவ்வாறு ஓடினால் 6.75 யூனிட் வீணாகும். ஆண்டுக்கு 300 வேலை நாட்களில் அது 2,025 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 16,200 ரூபாய்.

சிறிய பிஸ்டன் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் தொட்டி நிரம்பியதும் தாமாக நின்றுவிடும். உணவு இடைவேளையில் யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது மீண்டும் ஓடத் தொடங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

கசிவை அளப்பதும் எளிது. எல்லாக் கருவிகளையும் மூடிவிட்டு, கம்ப்ரசர் சுமையில் ஓடும் நேரத்தையும் சுமையின்றி இருக்கும் நேரத்தையும் குறிக்க வேண்டும். 2 நிமிடம் சுமையில் ஓடி, 6 நிமிடம் சுமையின்றி இருந்தால், 2-ஐ 8-ஆல் வகுக்க 25 விழுக்காடு கிடைக்கும். அதாவது கம்ப்ரசரின் கொள்ளளவில் கால் பங்கு கசிவுக்கே போகிறது. குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும் இடமே கசியும் இடம்.

வெற்றோட்டத்தை அளத்தல்

கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விரயம் மிகையாகத் தெரியும். வெற்றோட்டத்தில் மோட்டாரின் திறன் காரணி மிகக் குறைவு என்பதே காரணம். மின்னணு மின்மானியின் சிமிட்டும் விளக்கைக் கொண்டு உண்மைத் திறனை அறியலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மானியின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 1,600 என்றும், மற்றவற்றை நிறுத்தி ஒரே இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டபோது நிமிடத்திற்கு 32 சிமிட்டல் என்றும் கொள்வோம். 32-ஐ 60-ஆல் பெருக்கி 1,600-ஆல் வகுத்தால் 1.2 கிலோவாட் என்று கிடைக்கும்.

குறைக்கும் வழிகள்

1. ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ‘இத்தனை நிமிடத்திற்கு மேல் வேலை இல்லையெனில் நிறுத்துக’ என்று எழுதி வைத்தல்.
2. வேலைத்துண்டு, வெட்டுளி, அளவுக்கருவி ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்த பின் மோட்டாரைப் போடுதல்.
3. குறிப்பிட்ட நேரம் சும்மா ஓடினால் தானே நிறுத்தும் டைமரைப் பொருத்துதல்.
4. பழைய மின்மாற்றி வகை வெல்டிங் செட்டை, பற்றவைக்காத நேரத்தில் அணைத்தல். இன்வெர்ட்டர் வகையில் சும்மா இருக்கும்போது இழப்பு குறைவு.
5. வேலை முடிந்ததும் கம்ப்ரசரை முதன்மைச் சுவிட்சிலேயே நிறுத்துதல்.

கவனிக்க வேண்டியவை

எல்லாவற்றையும் உடனே அணைப்பது சிக்கனமாகாது. உலையை ஆறவிட்டு மறுபடி சூடேற்றக் கூடுதல் ஆற்றலும் நேரமும் தேவைப்படலாம். வெல்டிங் செட் சூடாக இருந்தால் அதன் விசிறி சிறிது நேரம் ஓடிய பிறகே அணைக்க வேண்டும். நுண்ணிய அளவில் வேலை செய்யும் சிஎன்சி இயந்திரத்தின் வெப்பநிலை மாறினால் அளவும் மாறக்கூடும்; அதை மேற்பார்வையாளரைக் கேட்டே நிறுத்த வேண்டும். மோட்டாரை அணைத்த பிறகும் சக்கு சிறிது நேரம் சுழலும். அதைக் கையால் பிடித்து நிறுத்தவே கூடாது.

தொழிற்பயிற்சி மாணவர்கள் தங்கள் பயிற்சிக்கூடத்தில் ஓர் இயந்திரத்தைத் தேர்ந்து, ஒரு நாளில் அது வேலை செய்த நிமிடங்களையும் சும்மா ஓடிய நிமிடங்களையும் இரண்டு பத்திகளில் குறித்துப் பார்க்கலாம். வெற்றோட்டத் திறனை இரண்டாம் பத்தியின் மொத்த நேரத்தால் பெருக்கினால், அந்த நாளில் வீணான யூனிட் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.