எதிர்பாராத் தலைமக்கள்

பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். எனினும், அவ்விலக்கணம் எழுதப்படுமுன்னரே வணிகர் குடியிற் பிறந்த கோவலனையும் கண்ணகியையும் தலைமக்களாக்கி இளங்கோவடிகள் காப்பியஞ் செய்துவிட்டார். அரசர் நிற்குமிடத்தில் எளியோரை நிறுத்துதல் கலைக்குப் புத்துயிர் அளிக்கும் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். அந்நெறி இன்று கணினி விளையாட்டுக்களிலும் வழங்குகின்றது என்றால் அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஆதலின் அதனைச் சிறிது விளக்குவாம்.

1978ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டின் வெற்றியால், விளையாட்டென்றால் பகைவரைச் சுடுவதே என்ற எண்ணம் வேரூன்றியது. அவ்வழியினின்றும் விலகியவர் ரொறு இவாத்தானி. பெண்களும் விரும்பி ஆடத்தக்கதொன்றை ஆக்க விழைந்த அவர், சுடுதலை விடுத்து உண்ணுதலைப் பொருளாகக் கொண்டார். வாயையன்றி வேறுறுப்பில்லாத மஞ்சள் வட்டமொன்று 1980இல் 'பக்-மான்' என்ற பெயரில் தலைவனாயிற்று. மறு ஆண்டு சிகெரு மியாமொத்தோ படைத்த 'டொங்கி கொங்'கில் ஒரு தச்சன் தலைவனானான். அக்காலத் திரையிற் சில புள்ளிகளாலேயே உருவத்தை அமைக்க வேண்டியிருந்தது. தலைமயிரை வரைவது அரிதாகவே தொப்பி வந்தது; வாயை வரையாது விடுதற்கு மீசை உதவிற்று. அத்தச்சனே பின்னர் மரியோ என்னும் குழாய் பொருத்துநனாகி உலகப்புகழ் பெற்றான். வறுமையும் சிற்பிக்கு உளியாதல் உண்டு.

இவை உருவத்தாற் புதியன. கருத்தாற் புதியன பின்னர்த் தோன்றின. லூக்காஸ் போப் என்பார் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்னும் விளையாட்டில், ஆடுபவர் கற்பனை நாடொன்றின் எல்லையிற் கடவுச்சீட்டுக்களைச் சோதிக்கும் உத்தியோகத்தர். எத்தனை பேரைச் சோதித்தாரோ அதற்கேற்பவே ஊதியம். பிழைகள் மிகுந்தால் தண்டம். வீட்டிலோ வாடகை, உணவு, மருந்து என்னும் செலவுகள் காத்திருக்கின்றன. ஒருநாள் ஒரு கணவன் முறையான பத்திரங்களுடன் உள்ளே செல்கின்றான். பின்வரும் மனைவியிடம் ஒரு பத்திரம் இல்லை. விட்டால் விதி பிழைக்கும். தடுத்தால் குடும்பம் பிரியும். எமது கல்லூரி நாட்டுக்களித்த எழுதுவினைஞரும் உத்தியோகத்தரும் எத்தனையோ பேர். மேசைக்கு அப்பால் நின்றவரின் கண்ணீருக்கும் சுற்றறிக்கைக்கும் இடையே ஒருமுறையேனும் தடுமாறாதவர் அவருள் யாவர்?

போலந்து நாட்டு வார்சோ நகரத்து நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஒவ் மைன்' இதனினும் ஒருபடி மேற்செல்வது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையை நினைவிற்கொண்டு ஆக்கப்பட்டது அது. போர் விளையாட்டேயாயினும் அதன் தலைமக்கள் போர்வீரரல்லர். இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய பொதுமக்கள். பகலில் வெளிச்செல்ல இயலாது. இரவில் ஒருவர் சென்று உணவும் மருந்தும் தேடுவார். முதியோர் இருவரின் வீட்டிற் களவெடுத்தாற் பசி தீரும். ஆனால் மனம் உடைந்துவிடும். பதுங்குகுழியும் நிவாரண வரிசையும் அறிந்த எம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு போலந்து அரசு இவ்விளையாட்டை மேல்வகுப்பு மாணவர்க்குரிய வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது.

கதையைப் படிப்பவன் 'அவன் செய்தான்' என்கின்றான். விளையாடுபவனோ 'நான் செய்தேன்' என்கின்றான். இவ்வேறுபாடே இக்கலையின் ஆற்றல். இதன் அபாயமும் அதுவே. நூறு பேரைச் சுட்டு வெல்பவனும் 'நான் செய்தேன்' என்றே கூறுகின்றான். ஒருத்தியைத் திருப்பியனுப்பிவிட்டு உறக்கமின்றிக் கிடப்பவனும் அவ்வாறே கூறுகின்றான். ஆகவே விளையாட்டு நன்றோ தீதோ எனப் பொதுவில் வினாவுதல் பயனற்றது. நூல் நன்றோ தீதோ என்று எவரேனும் பொதுவில் வினாவுவரோ?

பெற்றோரும் ஆசிரியருமாகிய பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை திரைமுன் அமர்ந்திருக்கக் கண்டால், "எவ்வளவு நேரமாக விளையாடுகிறாய்?" என்று கேட்பது இயல்பே. அதனோடு, "நீ அதில் யாராக இருக்கிறாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள். அவ்விடையிலிருந்து நல்லதோர் உரையாடல் தொடங்கக்கூடும்.