பெருங்கோப்புப் பெயர்ப்பும் கணிப்பொறி உறைவும்: லினக்ஸ் இயங்குதளத்தில் மொழித்தரவுகளைக் கையாளுதல்

மொழிக் களப்பணியின் பயன் இன்று பெரும்பாலும் ஒலிக்கோப்புகளாகவே வந்து சேர்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட், இரு தடங்கள் என்னும் அளவில் பதிவு செய்தால், ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 1,037 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். நாற்பது மணி நேரப் பதிவு 41 கிகாபைட்டைத் தாண்டிவிடும். இத்தரவினை ஆய்வாளரின் கணிப்பொறியிலிருந்து வெளிவட்டுக்கோ பென்டிரைவுக்கோ பெயர்க்கும்போது கணிப்பொறி நடுவில் அசைவற்றுப் போவது லினக்ஸ் பயன்படுத்துவோர் பலருக்கும் பழக்கமான இடர்ப்பாடு. பொறுமையிழந்து வட்டைப் பிடுங்குவதும், மின்விசையை நிறுத்துவதும், பின்னர் கோப்பு அரைகுறையாக இருக்கக் காண்பதும் இதன் தொடர்ச்சி. அந்தமான் தீவுகளின் போ மொழியை அறிந்திருந்த இறுதிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அத்தகையோரின் குரற்பதிவு கெட்டுப்போனால் மீண்டும் களத்துக்குச் சென்று எடுத்துவர வழியில்லை. ஆகவே, பொறியியலாளரின் கவலையாகத் தோன்றும் இச்செய்தி மொழியியலாளரின் கவலையும் ஆகும்.

ஒரு சொல், மூன்று நிலைகள்

பேச்சு வழக்கில் 'கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது' என்று சொல்வது வேறுபட்ட மூன்று நிலைகளை ஒரே சொல்லால் குறிக்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் வழங்கும் 'உறைதல்' என்பதும் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. முதல் நிலையில், கணிப்பொறி முழுவதும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவான வட்டு ஒன்றில் தரவு எழுதப்படுவதற்காகப் பல நிரல்கள் வரிசையில் காத்திருக்கின்றன. இரண்டாவதில், வட்டோ அதன் இணைப்புக் கம்பியோ பழுதுற்று, விடை வராத வினாவுக்காக ஒரு நிரல் காத்துக்கிடக்கிறது. மூன்றாவதில், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலே நின்றுவிடுகிறது. பெருங்கோப்புகளைப் பெயர்க்கும்போது நேர்வது பெரும்பாலும் முதல் நிலையே. இதற்கு மருந்து காத்திருப்பது. ஆனால் பயனர் செய்வதோ மூன்றாம் நிலைக்குரிய மருத்துவம்.

இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது விசைப்பலகையின் சிறுவிளக்கு எரிந்து அணையுமானால் கெர்னல் உயிரோடு இருப்பதற்கு அது நல்ல அறிகுறி. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், ஒரு நிமிடம் கழித்தேனும், எழுத்துத்திரை தோன்றக்கூடும். தோன்றினால் அங்கிருந்தே நோயை ஆராயலாம். வெளிவட்டின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவதும் கவனிக்கத் தக்கது. இவை எதற்கும் எதிர்வினை இல்லாமல் பல நிமிடங்கள் கழிந்தால் மட்டுமே மூன்றாம் நிலையை ஐயுற வேண்டும்.

நினைவகத்தில் தேங்கும் நிலுவை

முதல் நிலையின் காரணத்தை விளங்கிக்கொள்ள, லினக்ஸ் ஒரு கோப்பை எவ்வாறு எழுதுகிறது என்பதை அறிதல் வேண்டும். நகலெடுக்கும் நிரல் தரவை நேரே வட்டுக்கு அனுப்புவதில்லை. கெர்னலிடம் ஒப்படைக்கிறது. கெர்னல் அதை நினைவகத்தின் ஒரு பகுதியில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று நிரலுக்கு விடை கொடுத்துவிடுகிறது. வட்டில் எழுதும் வேலை பின்னர் நடக்கிறது. அஞ்சல் நிலையத்தில் பதிவுத்தபாலைக் கொடுத்து இரசீது பெறுவதைப் போன்றது இது. இரசீது கையில் இருப்பதனால் கடிதம் உரியவரைச் சேர்ந்துவிட்டது என்று பொருளாகாது.

இவ்வாறு நினைவகத்தில் மாற்றப்பட்டு வட்டில் இன்னும் எழுதப்படாத பக்கத்தை ஆங்கில நூல்கள் 'டர்ட்டி பேஜ்' என்கின்றன. இதனை 'அழுக்குப் பக்கம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருளைத் திரித்துவிடும். அப்பக்கத்தில் மாசு ஏதும் இல்லை, செலுத்த வேண்டிய பாக்கிதான் இருக்கிறது. கணக்கு அலுவலகங்களில் வழங்கும் 'நிலுவை' என்னும் சொல்லே இங்குப் பொருத்தமானது. 'நிலுவைப் பக்கம்' என்றால் பயனருக்கு எச்சரிக்கையும் உடன் கிடைக்கிறது.

நிலுவை எவ்வளவு சேரலாம் என்பதற்குக் கெர்னல் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. கெர்னலின் இயல்பான அமைப்பில், பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 விழுக்காடு நிறைந்ததும் பின்னணியில் எழுதும் வேலை தொடங்குகிறது. நிலுவை 20 விழுக்காட்டை நெருங்கும்போது, எழுத முற்படும் நிரல்கள் தடுத்து நிறுத்தப்படுகின்றன. இவை தவிர, 30 நொடிக்கு மேற்பட்ட நிலுவைகள் எல்லை எட்டப்படாவிட்டாலும் எழுதப்பட்டுவிடும்.

சிக்கல் இந்த விழுக்காட்டில் இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்ட காலத்தை அடுத்த ஆண்டுகளில் நினைவகம் சில மெகாபைட் அல்லது சில பத்து மெகாபைட் அளவினதாகவே இருந்தது. 64 மெகாபைட்டில் 20 விழுக்காடு என்பது 13 மெகாபைட்டுக்கும் குறைவு. மெதுவான வட்டும் அதை ஓரிரு நொடிகளில் எழுதி முடிக்கும். இன்று 16 கிகாபைட் நினைவகமுடைய கணிப்பொறியில் இதே விழுக்காடு ஏறத்தாழ 3 கிகாபைட் ஆகிறது. எழுதும் வேகம் நொடிக்கு 5 மெகாபைட் மட்டுமே உள்ள மலிவான பென்டிரைவ் ஒன்று செருகப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 3,000 மெகாபைட் நிலுவையைத் தீர்க்க 600 நொடி, அதாவது பத்து நிமிடம், பிடிக்கும். நினைவகத்தை அதிகமாக்கினால் உறைவு நீங்கும் என்று எண்ணி மேலும் 16 கிகாபைட் பொருத்துபவர் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார் என்பது இதிலுள்ள விந்தை.

ஒரு வட்டின் தாமதம் மற்ற வேலைகளை ஏன் தொட வேண்டும் என்ற வினா எழலாம். ஒவ்வொரு வட்டுக்கும் அதன் வேகத்துக்கேற்ற பங்கை ஒதுக்கும் ஏற்பாடு கெர்னலில் உண்டு. ஆயினும் அது எல்லாச் சூழலிலும் காப்பதில்லை. பெருங்கோப்பின் பக்கங்கள் நினைவகத்தில் குவியக் குவிய, அடிக்கடி தேவைப்படும் நிரல்களின் பக்கங்கள் வெளியேற்றப்படுகின்றன. சுட்டியை நகர்த்துவதற்கான நிரற்பகுதியைக்கூட மீண்டும் வன்தட்டிலிருந்து படிக்க வேண்டிய நிலை வரலாம். அவ்வன்தட்டோ மூலக்கோப்பைப் படித்துக்கொடுப்பதில் ஏற்கெனவே மூழ்கியிருக்கிறது. காலியிடம் வேண்டும் நிரல், நிலுவை தீரும்வரை காத்திருக்க நேர்கிறது. சொற்செயலியில் 'சேமி' என்னும் கட்டளையைக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர், தம் கோப்பு இரண்டே பக்கமாயினும், அந்தக் கூட்டத்தில் சிக்கிக்கொள்கிறார்.

இக்குறை கெர்னல் உருவாக்குநர் அறியாதது அன்று. பெரிய எழுத்துவேலையின்போது கணிப்பொறி மந்தமாவது பற்றிய முறையீடு 12309 என்னும் எண்ணுடன் கெர்னலின் வழுப்பதிவேட்டில் இடம்பெற்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2013இல் இவ்வெல்லைகள் பற்றி உருவாக்குநரிடையே விரிவான விவாதம் நிகழ்ந்தது. விழுக்காட்டுக் கணக்கு பழைய சிறு நினைவகங்களின் எச்சம் என்பதை டோர்வால்ட்ஸே சுட்டிக்காட்டினார். 2017இல் வெளிவந்த 4.10 பதிப்பில், பின்னணி எழுத்து மற்ற வேலைகளை நெருக்காதவாறு மட்டுப்படுத்தும் ஏற்பாட்டை ஜென்ஸ் ஆக்ஸ்போ சேர்த்தார். நிலைமை பெரிதும் சீர்பட்டது. எனினும் 10, 20 என்னும் இயல்பு விழுக்காடுகள் கெர்னலில் இன்றும் இருக்கின்றன.

ஆராயும் முறை

உறைவு நேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது 'ப்ராக்' அடைவில் உள்ள 'மெம்இன்ஃபோ' என்னும் கோப்பு. அதில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' என இரண்டு வரிகள் உண்டு. முன்னது நிலுவையின் அளவு. பின்னது இக்கணத்தில் வட்டுக்குச் சென்றுகொண்டிருக்கும் அளவு. சில நொடி இடைவெளியில் இருமுறை பார்த்து, எண்கள் குறைந்துவருமானால் கணிப்பொறி நலமாகவே உள்ளது. தேநீர் அருந்தச் செல்லலாம். எண்கள் அப்படியே நின்றால் இரண்டாம் நிலையை ஐயுற வேண்டும். அப்போது 'டிமெசேஜ்' என்னும் கட்டளை காட்டும் கெர்னல் குறிப்புகளில், யுஎஸ்பி இணைப்பு மீட்டமைக்கப்பட்டதாகவோ உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை நேர்ந்ததாகவோ வரிகள் தென்படும். ஒரு பணி 120 நொடிக்கு மேல் தடைப்பட்டு நிற்பதாகவும் அங்கே குறிப்பு வரலாம். கம்பியை மாற்றுதல், மின்னூட்டம் போதாத யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரே பொருத்துதல் ஆகியவை எளிய பரிகாரங்கள். அதன் பின்னும் பிழை தொடர்ந்தால் வட்டையே நம்பக் கூடாது.

காத்திருக்கும் நிரலை 'கில்' கட்டளையால் கொல்ல முயல்வோர் அது சாகாததைக் கண்டு மருள்வதுண்டு. நிரற்பட்டியலில் 'டி' என்னும் எழுத்தால் குறிக்கப்படும் நிரல், இடையில் எழுப்ப இயலாத உறக்கத்தில் உள்ளது. வட்டிலிருந்து விடையோ பிழையோ வந்த பின்னரே அதற்குச் சாவு. கட்டளையை மீண்டும் மீண்டும் கொடுப்பதால் பயனில்லை.

நிறுத்தியே ஆக வேண்டிய நிலையிலும் மின்விசையை நாடுவது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். ஆல்ட் விசையையும் 'சிஸ்ரிக்' விசையையும் (பெரும்பாலான பலகைகளில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசையே இது) அழுத்தியவாறு எஸ், யு, பி ஆகிய எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டு முறையே அழுத்தினால், கெர்னல் நிலுவையை எழுத முயன்று, வட்டுகளைப் படிப்பதற்கு மட்டும் உரியனவாக மாற்றி, பின் மறுதொடக்கம் செய்யும். சில லினக்ஸ் வெளியீடுகள் இவ்வசதியை ஓரளவே அனுமதிக்கின்றன. களத்துக்குப் புறப்படுமுன் அதைச் சோதித்துக்கொள்ளலாம்.

நோய் வராமற் காத்தல்

நிலையான தீர்வு, எல்லைகளை விழுக்காட்டில் அன்றிப் பைட் கணக்கில் வரையறுப்பது. 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' என்னும் அமைப்புக்கு 16 மெகாபைட்டும், 'டர்ட்டி பைட்ஸ்' என்பதற்கு 48 மெகாபைட்டும் கொடுத்தால், முன்கூறிய பென்டிரைவில் நிலுவை எக்காலத்தும் பத்து நொடி வேலையைத் தாண்டாது. பைட் கணக்கு கொடுக்கப்பட்டதும் அதற்கு இணையான விழுக்காடு தானே செயலற்றுப் போகும். சிறு எல்லை உள்வட்டின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும்; பெருந்தரவகத்துக்குச் சொல்லடைவு தயாரிப்பது போன்ற வேலைகளின்போது அதைத் தளர்த்திக்கொள்ளலாம். 'ஆர்சிங்க்' நிரலைக் கொண்டு நகலெடுப்போர், நொடிக்கு இவ்வளவு என்று வேகத்துக்கு வரம்பு கட்டவும் முடியும். வட்டு தாங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக வரம்பை வைத்தால் நிலுவை சேர்வதே இல்லை. பாதியில் நின்றால், எடுத்துமுடித்த கோப்புகளை விட்டுவிட்டு எஞ்சியவற்றிலிருந்து அது தொடரும்.

பல்லாயிரம் சிறுகோப்புகளாக வெட்டப்பட்ட பேச்சுத் தரவகம் இன்னொரு வகைத் தொல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், நேரம், இடம் ஆகிய குறிப்புகளை வட்டில் தனித்தனியே எழுத வேண்டியிருப்பதால் மொத்த அளவு சிறிதாயினும் காலம் நீளும். 'டார்' கொண்டு ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவது நலம். ஆனால் ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தொட முடியாது. கட்டு அவ்விடத்தில் அறுந்து நிற்பதை உறைவென்று மயங்குவோரும் உளர்.

'முடிந்தது' என்னும் வினைமுற்று

மேசைத்தளச் செய்திகளைத் தமிழாக்குவோர் கருத வேண்டிய இடம் இது. முன்னேற்றப் பட்டை நூறு விழுக்காட்டை எட்டியதும் 'நகலெடுத்து முடிந்தது' என்று திரை சொல்கிறது. நிரலின் நோக்கில் அது மெய். வட்டின் நோக்கில் பொய். தமிழில் 'முடிந்தது', 'எழுதிவிட்டது' போன்ற வடிவங்கள் செயலின் முழுநிறைவை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துவன. 'முடிந்தது' என்று படித்த பயனர் வட்டைப் பிடுங்குவது மொழியறிவின்படி சரியான செயலே ஆகும். நிலுவை உண்மையில் தீர்ந்ததை அறிவிப்பது, 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளையைத் தொடர்ந்து வரும் செய்தி. 'சிங்க்' கட்டளை முடிந்து மீண்டும் கட்டளைக்குறி தோன்றுவதும் அதே பொருளது. முதற்செய்தியை 'கோப்புகள் ஒப்படைக்கப்பட்டன. வட்டில் எழுதப்படுகின்றன' என்று அமைத்தால் சொற்கள் கூடினாலும் தரவு பிழைக்கும்.

சரிபார்ப்பதிலும் இதே மயக்கம் உண்டு. நகலெடுத்தவுடன் இரு கோப்புகளையும் 'ஷா256சம்' கொண்டு ஒப்பிடுவோர், வட்டில் உள்ளதை அன்று, நினைவகத்தில் எஞ்சியுள்ள பக்கங்களையே பெரும்பாலும் படிக்கின்றனர். ஒப்பீடு வெற்றி பெறும். வட்டிலோ பிழை இருக்கலாம். வட்டை முறைப்படி அகற்றி, மீண்டும் செருகி, அதன் பின்னரே ஒப்பிட வேண்டும். இயலுமாயின் வேறொரு கணிப்பொறியில் செருகிப் பார்ப்பது மேலும் உறுதி. அதுவரை பதிவுக்கருவியின் அட்டையை அழிக்கலாகாது.

தமிழில் கோப்புப் பெயரிடுவோர்க்கு இன்னொன்று. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படக் கூடாது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்ளும். உயிர்மெய்யில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி மூன்று என்பதால் 'நூலகம்' என்னும் நான்கெழுத்துச் சொல் 18 பைட் ஆகிறது. பேச்சாளர் பெயர், ஊர், நாள், பொருள் அனைத்தையும் அடுக்கி விண்டோஸில் இட்ட நீண்ட பெயர், 85 குறிகளைத் தாண்டினால் லினக்ஸ் வட்டில் ஏற்கப்படுவதில்லை. பெயர்ப்பு பிழைச்செய்தியுடன் அக்கோப்பில் நின்றுவிடும். அத்தகைய பெயர்களை விண்டோஸிலேயே சுருக்கிக்கொண்டு பெயர்ப்பைத் தொடங்குவது எளிது.